காற்றுக்கு மடித்த வான்டன்

ஏர் ஃபிரையரில் வான்டன் செய்து விற்கிறேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அப்போ எண்ணெயே கிடையாதா?" கிடையாது என்று சொன்னால் ஆர்டர் கூடும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் உண்டு என்றுதான் சொல்கிறேன். எண்ணெய் தொடாத வான்டன் தோல் அந்தக் கூடைக்குள் மொறுமொறுப்பாவதில்லை, வெறுமனே காய்ந்துபோகிறது. கடித்தால் உடையும்தான். ஆனால் மேலே வெள்ளை மாவு அப்படியே நிற்கும், நாக்கில் பச்சை மாவு ருசி தட்டும். பத்து வான்டனுக்கு ஒன்றரை டீஸ்பூன் எண்ணெய் போதும். அந்த ஒன்றரை டீஸ்பூனை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

நான் இருப்பது சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில். மெல்லிய மாவுத் தோலில் பூரணம் வைத்து மடிக்கும் சீன வான்டன் இந்த ஊரில் விருந்துச் சாப்பாடு அல்ல, அன்றாடச் சாப்பாடு. எந்த உணவங்காடி நிலையத்துக்குப் போனாலும் அநேகமாக ஒரு வான்டன் மீ கடை இருக்கும். முட்டை நூடுல்ஸ், நாலு துண்டு சார் சியூ, கொஞ்சம் கீரை, பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் சூப்பில் மிதக்கும் வான்டன். சில கடைகளில் பொரித்ததையும் இரண்டு மூன்று மேலே வைத்துத் தருவார்கள். அதில் சார் சியூவும் பன்றி, வான்டனுக்குள் இருப்பதும் பெரும்பாலும் பன்றி. எங்கள் வீட்டில் அது கிடையாது. வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு வளர்ந்த பல தமிழ்ப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. கோழியும் இறாலும் வைத்து நானே செய்யத் தொடங்கியதற்கு வேறு பெரிய காரணம் இல்லை.

அது விற்பனையானது 2020க்குப் பிறகு. சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் முடக்கக் காலத்தில் ஊரே வீட்டுக்குள் இருந்தது. வீட்டிலிருந்து உணவு விற்பவர்களையும் கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, மே 12 முதல் மறுபடி செய்யலாம் என்று விட்டார்கள். அதன்பின் இந்தத் தீவில் பாதிப் பேர் கேக் சுட்டார்கள். எனக்குக் கேக் வராது, வான்டன் வரும்.

வீவக வீட்டிலிருந்து தொழில் செய்யச் சில கட்டுப்பாடுகள் உண்டு. வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது. கனரகச் சாதனம் கூடாது, வீட்டு உபயோகத்துக்கானதை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். புகை, வாடை, சத்தம் என்று அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது. கடைகளில் இருக்கும் பெரிய எண்ணெய்த் தொட்டி அடுப்பு இங்கே நினைத்தும் பார்க்க முடியாது. வாணலியில் பொரிக்கலாம் என்றால், ஒரு மணி நேரம் பொரித்த வாடை தாழ்வாரத்தின் கடைசி வீடு வரை போய் நிற்கும், காயப்போட்ட துணியிலும் ஏறும். சத்து, கொழுப்பு என்ற பேச்செல்லாம் வாங்குகிறவர்கள் பின்னால் சேர்த்துக்கொண்டது. ஏர் ஃபிரையர் என் வீட்டுக்கு வந்தது அண்டை வீட்டாரை முன்னிட்டு.

அந்த இயந்திரத்தின் பெயரை நம்பக் கூடாது. அது பொரிப்பதில்லை. மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதற்கும் மேலே ஒரு விசிறி, கீழே ஓட்டை போட்ட கூடை, அவ்வளவுதான் உள்ளே. சிறிய பெட்டிக்குள் சூடான காற்றைச் சுழற்றியடிக்கும் ஓவன் அது. 1940களிலேயே அமெரிக்காவில் வில்லியம் மேக்ஸன் என்பவர் விமானத்தில் உறைந்த சாப்பாட்டைச் சூடாக்க விசிறி வைத்த ஓவன் ஒன்றைச் செய்திருக்கிறார். இன்று நாம் சமையலறை மேடையில் வைத்திருக்கும் வடிவம் 2010ல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் ஐஎஃப்ஏ கண்காட்சியில் காட்டியது. அதன் பின்னால் இருந்தவர் ஃப்ரெட் வான் டெர் வெய் என்ற டச்சுக்காரர். பெட்டியின் மேல் வறுவல் படத்தை அச்சிட்டு விற்றார்கள், நாமும் வாணலிக்குப் பதில் இது என்று எடுத்துக்கொண்டோம்.

வாணலியில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும். 180 டிகிரி எண்ணெய் வான்டனை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பிடிக்கிறது. எண்ணெய் காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். தோலிலுள்ள ஈரம் நொடியில் ஆவியாகி முட்டிக்கொண்டு வெளியேறுவதால் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். காற்றில் அதே வான்டனுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகிறது. அந்த நேரம் முழுக்கப் பூரணத்தின் ஈரம் உள்ளிருந்து தோலை நனைத்துக்கொண்டே இருக்கும், வெளியே காற்று காயவைத்துக்கொண்டே இருக்கும். பொரித்த அப்பளத்துக்கும் சுட்ட அப்பளத்துக்கும் உள்ள தூரம்தான் இங்கேயும். சுட்ட அப்பளத்தைப் பொரித்தது என்று யாரும் ஏமாற்றுவதில்லை, அதற்கென்று தனியாகப் பிரியர்கள் இருக்கிறார்கள். அதனால் டிகிரியையும் நிமிடத்தையும் மட்டும் மாற்றிப் பார்ப்பதில் பலனில்லை. வான்டனையே மாற்றவேண்டும்: தோல், பூரணம், மடிப்பு மூன்றையும்.

தோலில் தொடங்குகிறேன். ஈரச்சந்தையில் நூடுல்ஸ் விற்கும் கடைகளிலேயே வான்டன் தோலும் கிடைக்கும். ஒரு சாண் கூட இருக்காத சதுரம், பக்கத்துக்கு எட்டு ஒன்பது சென்டிமீட்டர். இரண்டு வகை வரும். மஞ்சளாக, கையின் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லியது ஹாங்காங் வகை. வெள்ளையாகக் கொஞ்சம் தடித்தது ஷாங்காய் வகை. மஞ்சளில் பெரும்பாலும் முட்டையும், நூடுல்ஸுக்குச் சேர்க்கும் காரநீரும் (lye water) இருக்கும். காரநீர் சேர்ந்த மாவு சீக்கிரம் சிவக்கும். காற்றில் சிவப்பதே சிரமம் என்பதால் அது நமக்குச் சாதகம். ஆனால் மெல்லியதாகவும் இருப்பதால் ஓரம் கருகவும் சீக்கிரம் கருகும். நான் எடுப்பது மஞ்சள். வெள்ளைத் தோல் வேகவைக்க நல்லது, கூடையில் போட்டால் தோல்செருப்பு மாதிரி இழுக்கும்.

தோலை வீட்டிலேயே திரட்டலாமா என்று கேட்பார்கள். திரட்டலாம். இருநூறு கிராம் மாவு, ஒரு முட்டை, உப்பு, கொஞ்சம் தண்ணீர், சில சொட்டுக் காரநீர். மாவு கல் மாதிரி இருக்கவேண்டும், சப்பாத்தி மாவுப் பதம் உதவாது. ஊறவைத்து, பாஸ்தா இயந்திரத்தில் கடைசிக்கு முந்திய எண் வரை இழுத்து, சோள மாவு தூவி அடுக்கவேண்டும். ஒருமுறை செய்து பார்த்தால் கடைக்காரர் மேல் மரியாதை வரும். பல கான்டனீஸ் வீடுகளிலும் தோலைக் கடையில்தான் வாங்குகிறார்கள். நமக்கு மட்டும் ஏன் வீம்பு?

வாங்கிய தோலில் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அதன்மேல் மாவு தூவியிருப்பார்கள். எண்ணெயில் போடும்போது அது உதிர்ந்து அடியில் தங்கிவிடும், யாரும் கண்டுகொள்வதில்லை. காற்றுக்கு அந்த வேலை தெரியாது. மாவு இருந்த இடத்திலேயே வெள்ளைத் திட்டாக நிற்கும். உலர்ந்த பிரஷால் ஒவ்வொரு தோலையும் இரண்டு பக்கமும் தட்டிவிட்டுத்தான் மடிக்க எடுப்பேன். சலிப்பான வேலை. ஆனால் முதல் ஈடு வெளியே வரும்போது அதன் பலன் தெரியும்.

பூரணத்துக்குக் கோழியின் தொடைக்கறி. நெஞ்சுக்கறி வறண்டுவிடும். அதில் பாதியளவு இறால், பொடியாக நறுக்கியது. இறாலைக் கொஞ்சம் சமையல் சோடாவில் பிசறி வைத்து, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி, துணியில் ஒற்றி எடுத்தால், கடிக்கும்போது நறுக்கென்று இருக்கும். இது கான்டனீஸ் சமையல்காரர்களின் பழைய வழி. இஞ்சிச் சாறு, வெங்காயத்தாள், வெள்ளை மிளகுத்தூள், சோயா சாஸ், சீன எள் எண்ணெய். நம் நல்லெண்ணெய் இதற்கு ஆகாது. சீன எண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து வருவது, நிறமும் மணமும் வேறு. அதிலும் அரை டீஸ்பூனுக்கு மேல் போனால் மற்ற எதுவும் நாக்குக்கு எட்டாது. சீனர்கள் சேர்க்கும் அரிசி ஒயினை நான் சேர்ப்பதில்லை. முஸ்லிம் நண்பர்கள் நிறைய வாங்குகிறார்கள்.

உப்பைக் கறியில் முதலிலேயே போட்டு, ஒரே திசையில் கையால் கிளறவேண்டும். ஏன் ஒரே திசை என்று சீனப் பாட்டிமார் விளக்க மாட்டார்கள். மாற்றிக் கிளறினால் திட்டு மட்டும் விழும். திசையைவிட முக்கியம், நிறுத்தாமல் கிளறுவது. உப்பு கறியிலிருந்து மயோசின் என்ற புரதத்தை வெளியே இழுக்கும், கிளறக் கிளற அது பசையாகிக் கறியின் சாற்றைத் தனக்குள் கட்டிவைக்கும். கைக்குத் தெரியும்: முதலில் விரலிடுக்கில் நழுவும், பிறகு கிண்ணத்தின் சுவரில் ஒட்டத் தொடங்கும், கையைத் தூக்கினால் நூல் மாதிரி இழுபடும். சூப்பில் போடும் வான்டனுக்கு இந்த இடத்தில் இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் ஊற்றிக் கறியை இளக்குவார்கள். காற்றுக்கு மடிக்கும்போது அந்தத் தண்ணீரை விட்டுவிடுகிறேன், பதிலாக ஒரு ஸ்பூன் சோள மாவு சேர்க்கிறேன். முட்டைகோஸ் சேர்ப்பதானால் உப்புப் போட்டுப் பிழிந்து சேர்க்கவேண்டும். உள்ளே விடும் ஒவ்வொரு துளி ஈரமும் பிறகு தோலைத்தான் நனைக்கும்.

அளவும் அதே கணக்குத்தான். ஒரு தோலுக்கு எட்டு கிராம்தான். கடையில் கொழுகொழுவென்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது கஞ்சத்தனமாகத் தெரியும். பூரணம் பெருத்தால் நடுவில் கோழி 74 டிகிரியைத் தொடுவதற்குள் ஓரங்கள் கருகிவிடும். பச்சைக் கோழியோடு விளையாட முடியாது. புது அளவில் செய்யும்போதெல்லாம் நடு வான்டனில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்ப்பேன்.

மடிப்புதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த பகுதி. பக்கத்து வீட்டு ஆண்டி கான்டனீஸ்காரர், ஒரு காலத்தில் உறவினரின் வான்டன் மீ கடையில் மடித்துக் கொடுத்தவர். ஐஸ்கிரீம் குச்சி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு பூரணத்தைத் தடவுவார், உள்ளங்கையை மூடுவார், வான்டன் தட்டில் விழும். அவர் கையைப் பார்த்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது, அவ்வளவு வேகம். என் முதல் ஈட்டை வந்து பார்த்தவர், அழகாகக் கட்டியிருந்த பணமூட்டை மடிப்பை விரலால் தட்டி, "கேர்ள், இது எண்ணெய்க்கு. உன் பெட்டியில் நெருப்பு எங்கே இருக்கு?" என்று கேட்டார். மேலே என்றேன். "அப்போ ஏன் இவ்வளவு உயரம்?"

அந்தக் கேள்வியில் எல்லாம் அடங்கியிருக்கிறது. பணமூட்டை மடிப்பில் கொசுவம் மேலே நிற்கும், சூட்டுக் கம்பிக்குப் பக்கத்தில். கொசுவத்தின் நுனி கருகும், கழுத்தில் நாலைந்து அடுக்காகச் சேர்ந்த மாவு வேகாமல் நிற்கும். சீனப் புத்தாண்டுக்கு எல்லாரும் கேட்கும் பொற்கட்டி மடிப்பு, பழைய சீனத் தங்கக் கட்டியின் உருவம், அதிலும் இரண்டு மூலைகளும் வயிற்றின்மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம் கெட்டியாகிவிடும். எண்ணெய் அந்த இடுக்கிலும் புகுந்து வேகவைக்கும், காற்று புகாது. ஆகவே முக்கோணமாக மடித்து, இரண்டு ஓரத்தையும் மெல்ல உள்ளே வளைத்து, மேலேற்றாமல் விட்டுவிடுகிறேன். படுக்கவைத்தால் இரண்டு சென்டிமீட்டர் உயரம்கூட வராது. பொற்கட்டிதான் வேண்டும் என்று புத்தாண்டு ஆர்டர் வந்தால், மூலைகள் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் ஒற்றைத் தோல் கனத்துக்கு நசுக்கிவிடுவேன். ஆண்டி அதைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். சம்மதமா இல்லையா என்று கேட்டதில்லை.

ஒட்டுவதற்குத் தண்ணீர் போதும், இரண்டு விளிம்பில் மட்டும், விரல் நுனியால். முழுத் தோலையும் நனைத்தால் கொழகொழத்துவிடும். மூடுமுன் பூரணத்தைச் சுற்றி அழுத்திக் காற்றை வெளியேற்றவேண்டும். உள்ளே காற்று நின்றால் வாணலியில் வெடித்து எண்ணெய் தெறிக்கும். இங்கே தெறிக்க எண்ணெய் இல்லை, தையல் பிரிந்து சாறு கூடையில் வடியும், அவ்வளவே. ஆனால் வடிந்த வான்டனை விற்க முடியாது. அவை வீட்டுக்கு.

எண்ணெய் தடவுவது பிரஷால். நெடி இல்லாத எண்ணெய் எதுவும் ஆகும், நான் எடுப்பது கடலை எண்ணெய். டப்பாவில் அழுத்தி அடிக்கும் ஸ்பிரே வாங்க வேண்டாம். பலவற்றில் லெசித்தின் கலந்திருக்கும், அது கூடையின் ஒட்டாப் பூச்சின்மேல் பிசினாகப் படிந்து தேய்த்தாலும் போகாது. இரண்டு பக்கமும், விளிம்பிலும், மடிப்பின் உள்வளைவிலும் பிரஷ் போகவேண்டும். விட்ட இடம் வெந்த பிறகு கண்ணுக்குத் தெரியும்.

பெட்டியை 180ல் மூன்று நிமிடம் காலியாக ஓடவிட்டுப் பிறகு அடுக்குகிறேன். ஒரே அடுக்கு, ஒன்றையொன்று தொடாமல். துணி மாதிரி மெல்லிய பேக்கிங் தாளைக் காலிக் கூடையில் விரித்துச் சூடேற்றினால் விசிறி அதைத் தூக்கிக் கம்பியில் ஒட்டிவைத்துக் கருக்கிவிடும். தாள் போடுவதானால் ஓட்டையுள்ளதாக, வான்டனின் பாரம் ஏறிய பிறகு. ஐந்து நிமிடத்தில் திறந்து ஒவ்வொன்றாகத் திருப்பவேண்டும். இந்த நேரத்தில் அடிப்பக்கம் வெளிறியிருக்கும், மேற்பக்கத்தில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும். திருப்பி இன்னும் இரண்டு அல்லது மூன்று நிமிடம். கடைசி நிமிடத்தில் நான் கண்ணைவிடக் காதைத்தான் நம்புகிறேன். கூடையை இழுத்து ஒரு குலுக்குக் குலுக்கினால், ஆகாத வான்டன் தொப்பென்று நகரும், ஆன வான்டன் கலகலக்கும். எண்ணெயில் எழும் பெரிய கொப்புளங்கள் இதில் வராது. சின்னச் சின்னதாகப் பொரியும், அதுவும் காரநீர்த் தோலில்தான்.

உறைந்த வான்டன் வேறு கதை. மடித்தவற்றைத் தட்டில் இடைவெளி விட்டு உறையவைத்து, கல்லான பிறகு பையில் போடுவது எல்லாரும் செய்வது. எடுத்தபின் இளகவிடக் கூடாது, தோல் வியர்த்து ஒட்டிக்கொள்ளும். நேரே கூடைக்கு, 160ல் இரண்டு நிமிடம். பனி படிந்த தோலில் எண்ணெய் நிற்காது என்பதால் அந்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகே தடவுகிறேன். பிறகு மறுபடி 160ல் நாலைந்து நிமிடம், கடைசியில் 190க்கு ஏற்றித் திருப்பிச் சிவக்கவிடுவது.

புரட்டாசி வந்தால் சைவ ஆர்டர். முதலில் சொல்லவேண்டியது, மஞ்சள் தோலில் முட்டை இருக்கலாம் என்பது. சிலவற்றில் காரநீரும் நிறமும் மட்டும் இருக்கும், பாக்கெட்டைப் படித்துத்தான் வாங்கவேண்டும். உள்ளே பிழிந்த டோஃபு, ஷிடேக்கி காளான், கேரட், வாட்டர் செஸ்ட்நட். எல்லாவற்றையும் வதக்கி, ஈரம் வற்றவைத்து, ஆறவிட்டு மடிப்பேன். ஏற்கனவே வெந்த பூரணம் என்பதால் தோல் சிவந்தால் போதும். உண்மையைச் சொன்னால், ஏர் ஃபிரையரில் கோழியைவிட இதுதான் நன்றாக வருகிறது. உருளைக்கிழங்கு மசாலா வைத்துத் தரமுடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. இங்குள்ள தேக்கா பகுதியில் நல்ல சமோசா கிடைக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

விற்பனையில் என்னைப் படுத்துவது வான்டனை அடைத்துக் கொடுக்கும் பெட்டி. சுடச்சுட மூடினால் தன் ஆவியிலேயே பத்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். கம்பித் தட்டில் ஆறவைத்து, ஓட்டையுள்ள அட்டைப் பெட்டியில் அடுக்கி, சாஸைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன். இனிப்புச் சில்லி சாஸ் இந்த ஊர் வழக்கம். மயோனைஸ் கேட்பவர்களுக்கு அதுவும். வீட்டுக்குப் போனதும் 170ல் மூன்று நிமிடம் வைக்கச் சொல்லிச் சீட்டு ஒட்டுகிறேன். மைக்ரோவேவில் வைத்துவிட்டுக் குறை சொன்னவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதில்லை.

எந்த இயந்திரம் வாங்கலாம் என்று கேட்டால் பிராண்ட் சொல்ல மாட்டேன். கூடையை இழுத்துப் பார்த்து வாங்குங்கள் என்பேன். ஆறு லிட்டர், எட்டு லிட்டர் என்று ஆழத்தைக் கூட்டி எழுதுவார்கள். வான்டனுக்கு ஆழம் எதற்கு? அடித்தளம் அகலமாக, சதுரமாக இருக்கவேண்டும். என்னுடையதில் ஓர் ஈட்டுக்குப் பதினாறு கொள்ளும். நூறு வான்டன் ஆர்டர் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதன் முன்னாலேயே நிற்கவேண்டும். அதனால்தான் நூறுக்கு மேல் ஒரே நாளில் எடுப்பதில்லை. கல்யாணத்துக்கு ஐந்நூறு கேட்டு வருகிறவர்களிடமும், கொப்புளம் வைத்துப் பொரித்ததுதான் வேண்டும் என்கிறவர்களிடமும், எண்ணெய்ச் சட்டி வைத்திருக்கும் கடைகளின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.